கல்லாவில் குறைந்த பணமும் பொய் கண்டுபிடிக்கும் கருவியும்

சென்ற மாதம் ஒரு மாலை நேரம். மளிகை மொத்த வியாபாரம் செய்யும் நம் உறுப்பினர் ஒருவர் சங்க அலுவலகத்துக்கு வந்தார். கையில் வழவழப்பான விளம்பரத் தாள் ஒன்று. தனியார் துப்பறியும் நிறுவனம் ஒன்று அச்சிட்டது. கடையில் சரக்கு குறைகிறதா, கல்லா இடிக்கிறதா, உங்கள் பணியாளர்களைப் பொய் கண்டறியும் கருவியில் சோதித்து ஒரே நாளில் உண்மையைத் தருகிறோம் என்று அதில் கண்டிருந்தது. தலைக்கு இவ்வளவு என்று கட்டணமும் போட்டிருந்தார்கள்.

“அண்ணாச்சி, கடையில ஆறு பேரு நிக்கான். நாலு மாசமா இருப்பு இடிக்கி. எல்லாத்தையும் உக்கார வச்சிட்டா ஒரே நாள்ல தெரிஞ்சிராதா?” என்று கேட்டார்.

கொஞ்சம் பொறுங்கள் தம்பி, விசாரித்துச் சொல்கிறோம் என்று அவரை அனுப்பி வைத்தோம். அதன் பிறகு நமக்குத் தெரிந்த வழக்கறிஞர்களிடம் கேட்டும், படித்தும் அறிந்துகொண்டதை அவருக்குச் சொன்னோம். இதே கேள்வி வேறு பல கடைகளிலும் இருக்கும் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆகவே இங்கே எழுதுகிறோம்.

முதலில் அந்தக் கருவியைப் பார்ப்போம்.

ஆங்கிலத்தில் இதற்குப் பாலிகிராஃப் என்று பெயர். பல கோடுகளை ஒரே சமயத்தில் வரைவது என்று பொருள். நெஞ்சிலும் வயிற்றிலும் இரண்டு ரப்பர் குழாய்களைக் கட்டுவார்கள். அவை மூச்சின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும். மருத்துவர் இரத்த அழுத்தம் பார்க்கக் கட்டுகிறாரே, அதே பட்டையைக் கையில் சுற்றுவார்கள். விரல் நுனிகளில் இரண்டு சிறு தகடுகள். அவை வியர்வையை அளக்கும். இவ்வளவுதான். பொய்யை அளக்கும் பாகம் எதுவும் அதில் கிடையாது. அது காட்டுவது படபடப்பை மட்டுமே. அந்தப் படபடப்பு பொய்யினால் வந்ததா, பயத்தினால் வந்ததா, கோபத்தினால் வந்ததா, வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்பதனால் வந்ததா என்று கருவி சொல்லாது. எதிரே உட்கார்ந்திருக்கும் ஆள்தான் சொல்வார்.

அந்த ஆள் எப்படிச் சொல்கிறார்? வழக்கமான முறையில் இரண்டு வகைக் கேள்விகளைக் கலந்து கேட்பார்கள். ஒன்று நேர்க் கேள்வி: “கல்லாவிலிருந்து பணம் எடுத்தது நீயா?” மற்றொன்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான கேள்வி: “உன் வாழ்நாளில் அடுத்தவர் பொருள் எதையாவது எடுத்ததுண்டா?” என்பது போல. இரண்டாவதற்கு எல்லாரும் இல்லை என்றுதான் சொல்வார்கள். உள்ளுக்குள் சங்கடப்படவும் செய்வார்கள். குற்றம் செய்யாதவனுக்கு இந்தப் பழைய கேள்வியில்தான் படபடப்பு அதிகமாக இருக்கும், திருடியவனுக்கு நேர்க் கேள்வியில் அதிகமாக இருக்கும் என்பது அவர்கள் கணக்கு. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் திருடாத பையனும் தன் சோற்றுக்கே உலை வைக்கும் கேள்வி எது என்று அறிவான் அல்லவா? அந்தக் கேள்வி வரும்போது அவன் நெஞ்சு அடித்துக்கொள்ளாதா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சோதனைக்கு முன்பு சீட்டுக்கட்டில் ஒரு சீட்டை எடுக்கச் சொல்லி, அது எது என்பதைக் கருவியே கண்டுபிடித்ததாகக் காட்டுவது அங்கே ஒரு வழக்கம். சிலர் அடையாளம் வைத்த சீட்டுகளையே பயன்படுத்தியதுண்டு. கருவியிடம் எதையும் மறைக்க முடியாது என்று எதிரே இருப்பவன் நம்ப வேண்டும்; நம்பினால்தான் பயப்படுவான்; பயந்தால்தான் ஒப்புக்கொள்வான்.

இதைப் படித்தபோது நமக்கு மந்திரித்த குச்சிக் கதை நினைவுக்கு வந்தது. வீட்டில் நகை காணாமற் போக, வேலைக்காரர்கள் எல்லாருக்கும் ஒரே அளவுக் குச்சியைக் கொடுத்து, திருடியவன் குச்சி விடிவதற்குள் ஒரு விரற்கடை வளர்ந்துவிடும் என்று சொன்னார்களாம். திருடியவன் இரவோடிரவாக ஒரு விரற்கடை ஒடித்துவிட்டு வந்து அகப்பட்டானாம். நம் ஊரில் மை போட்டுப் பார்ப்பதும், கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்வதும் இந்த வகைதான். அரிசியை மென்று துப்பச் சொல்லி, யார் வாய் உலர்ந்திருக்கிறது என்று பார்க்கும் பழைய வழக்கமும் உண்டு. அரிசிக்குப் பதில் இப்போது ரப்பர் குழாய்.

இந்தக் கருவி பிறந்த ஊர் அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலத்தின் பெர்க்லி. 1921-ல் அங்கே காவல் துறையில் இருந்த ஜான் லார்சன் என்பவர் இதை அமைத்தார். அவர் உடலியலில் முனைவர் பட்டம் பெற்றவர். முதலில் எடுத்துக்கொண்ட வழக்குகளில் ஒன்று, கல்லூரி மாணவியர் விடுதியில் பணமும் நகையும் திருட்டுப் போனது. விடுதிப் பெண்களையெல்லாம் சோதித்தார். ஒரு பெண்ணின் கோடுகள் தாறுமாறாக ஏறின. பின்னர் அவர் ஒப்புக்கொண்டார். செய்தித்தாள்கள் கொண்டாடின. (சோதிக்கப்பட்ட பெண்களில் வேறொருவரை லார்சன் பிற்பாடு மணந்துகொண்டார் என்பது தனிக் கதை.) இதே காலத்தில் இரத்த அழுத்தத்தை வைத்துப் பொய்யைக் கண்டுபிடிக்கலாம் என்று சொல்லிவந்த வில்லியம் மார்ஸ்டன் என்பவரின் சோதனையை வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1923-லேயே சாட்சியமாக ஏற்க மறுத்துவிட்டது. இந்த மார்ஸ்டன்தான் பிறகு, தன் கயிற்றால் கட்டி உண்மையைப் பேச வைக்கும் ‘வொண்டர் உமன்’ என்ற படக்கதை நாயகியை உருவாக்கியவர்.

நீதிமன்றம் ஏற்கவில்லை, ஆனால் வியாபாரிகள் ஏற்றார்கள். லார்சனிடம் பழகிய லெனார்ட் கீலர் என்பவர் கருவியைத் தூக்கிச் செல்லும் பெட்டியாக்கி, சிகாகோ நகர வங்கிகளின் ஊழியர்களைச் சோதிக்கும் தொழிலாகவே ஆக்கினார். லார்சனோ பிற்காலத்தில் தாம் பெற்ற பிள்ளையைத் தாமே வெறுத்தவர் போல இதை எதிர்த்துப் பேசினார். அவர் பேச்சை யார் கேட்டார்கள்?

1980-களில் அமெரிக்காவில் ஆண்டுக்கு 20 லட்சம் சோதனைகள் நடந்ததாக அந்நாட்டு நாடாளுமன்ற விவாதங்களில் பேசப்பட்டது. அவற்றில் பெரும்பகுதியைச் செய்தவர்கள் தனியார் முதலாளிகள். சில்லரைக் கடைகள், மருந்துக் கடைகள், வங்கிகள் எல்லாம் இதில் அடக்கம். வேலை கேட்டு வருகிறவனுக்கு ஒரு சோதனை. வேலையில் இருப்பவனுக்கு ஆண்டுக்கு ஒரு முறை. சரக்கு குறைந்தால் கடையில் உள்ள அத்தனை பேருக்கும். கேள்விகளும் திருட்டோடு நிற்கவில்லை. கடன் எவ்வளவு, குடிப்பாயா, எந்தக் கட்சி, சங்கத்தில் சேர்ந்திருக்கிறாயா என்பது வரை போயின. கூர்ஸ் என்ற பெரிய பீர் நிறுவனத்தில் 1977-ல் நடந்த வேலைநிறுத்தத்தில் இந்தச் சோதனையும் ஒரு காரணமாக இருந்தது.

1986-ல் அமெரிக்கத் தொலைக்காட்சியின் ‘60 மினிட்ஸ்’ நிகழ்ச்சி ஒரு காரியம் செய்தது. ஒரு பத்திரிகை அலுவலகத்தில் கேமரா திருடு போனதாகச் சொல்லி, சோதனையாளர்கள் சிலரை ஒருவருக்கொருவர் தெரியாமல் தனித்தனியே வரவழைத்தார்கள். உண்மையில் எதுவும் திருடு போகவில்லை. ஒவ்வொரு சோதனையாளரிடமும், இன்னார் மீதுதான் எங்களுக்குச் சந்தேகம் என்று வெவ்வேறு ஊழியரின் பெயரை முன்கூட்டியே காதில் போட்டு வைத்தார்கள். என்ன நடந்தது தெரியுமா? ஒவ்வொருவரும் தமக்குச் சொல்லப்பட்ட ஆளையே பொய்யர் என்று கண்டுபிடித்துக் கொடுத்தார். முதலாளியின் சந்தேகமே சுற்றி வந்து, கருவியின் தீர்ப்பாகத் திரும்பக் கிடைத்தது. கட்டணம் தனி.

வியாபாரிகளாகிய நமக்குக் கணக்கு புரியும். ஆகவே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பேச்சுக்கு, கருவி நூற்றுக்கு 85 தடவை சரியாகச் சொல்லும் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். கடையில் 20 பேர். அதில் ஒருவன் திருடன். மீதி 19 பேர் யோக்கியர்கள். 19 பேரில் நூற்றுக்கு 15 வீதம் தவறு என்றால் ஏறக்குறைய மூன்று யோக்கியர்கள் பொய்யர் என்று பெயர் வாங்குவார்கள். திருடனும் அகப்பட்டால் மொத்தம் நான்கு பேர். நான்கு பேரில் யார் திருடன் என்பது அப்போதும் தெரியாது! 2003-ல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்வுக் குழு இதே போன்ற கணக்கைப் பெரிய அளவில் போட்டுக் காட்டியது. 10,000 ஊழியர்களில் 10 பேர் உளவாளிகள் என்று வைத்துக்கொண்டு, அவர்களில் 8 பேரைப் பிடிக்கும்படி கருவியை அமைத்தால், கூடவே ஏறக்குறைய 1,600 நேர்மையானவர்களும் பிடிபடுவார்கள் என்றது அக்குழு. மறுபக்கமும் உண்டு. அமெரிக்க உளவுத் துறைக்குள்ளேயே இருந்துகொண்டு ரஷ்யர்களுக்கு இரகசியங்களை விற்ற ஆல்ட்ரிச் ஏம்ஸ், அந்தக் காலத்திலேயே இரண்டு முறை இந்தச் சோதனையில் தேறியவர்.

இங்கே நம் சொந்தக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்வதில் நமக்குப் பெருமை ஏதுமில்லை.

நாம் மண்டி நடத்திக்கொண்டிருந்த காலம். இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. தீபாவளிக்கு முந்தைய வாரம், இரவு கணக்கு முடிக்கும்போது ரூ.12,400 இடித்தது. நாள்வழியை மூன்று தடவை கூட்டிப் பார்த்தோம். தொகை வரவில்லை. அன்று கல்லாப் பக்கம் நின்ற பையன்கள் நான்கு பேர். கடைப் பிள்ளையார் முன்னால் தட்டில் சூடம் ஏற்றினோம். ஒவ்வொருவனாக அணைத்துச் சத்தியம் செய் என்றோம். மூன்று பேர் சட்டென்று உள்ளங்கையால் அணைத்துவிட்டார்கள். நாலாவது பையனுக்குப் பத்தொன்பது வயது. கை நடுங்கியது. அணைக்கப் போனான், முடியவில்லை, கையை இழுத்துக்கொண்டான். “இதுக்கு மேல என்னடா சாட்சி வேணும்?” என்று கேட்டது நாம்தான். அன்று வரைக்குமான சம்பளத்தைக் கொடுத்து இரவோடு அனுப்பிவிட்டோம். மூன்று பையன்களும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

இருபத்திரண்டு நாள் கழித்து விருதுநகரிலிருந்து ஒரு பருப்பு வியாபாரியின் கணக்கு விவரம் வந்தது. அதில் அந்தத் தேதியில் ரொக்கம் ரூ.12,400 வரவு வைத்திருந்தார்கள். விசாரித்தால், அவர்கள் ஆள் வசூலுக்கு வந்தபோது நம் தம்பி கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறான். கூட்டத்தில் நாள்வழியில் எழுதவில்லை. ரசீது அவன் சட்டைப் பையோடு வெளுக்கப் போய்விட்டது.

மறுநாள் பேருந்து பிடித்து அந்தப் பையனின் ஊருக்குப் போனோம். அவன் இல்லை, திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். அவன் அம்மாதான் திண்ணையில் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். நாம் வந்த காரியத்தைச் சொன்னோம். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “எம்மவனுக்குச் சின்னப் பிள்ளையிலேயே கை நடுங்கும்யா. கேட்டிருந்தா சொல்லியிருப்பான்” என்றார். வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிறகு அவனுக்கு இரண்டு முறை ஆள் அனுப்பினோம். அவன் திரும்பி வரவில்லை.

நாம் அளந்தது நடுக்கத்தை. கருவி அளப்பதும் அதைத்தான். ஆகவேதான் அந்த விளம்பரத் தாளைப் பார்த்தவுடன் நமக்குப் பொறுக்கவில்லை.

அமெரிக்கச் சட்டம் சொல்வது

மாஸசூசெட்ஸ் மாநிலம் 1959-லேயே வேலைக்காக இந்தச் சோதனை செய்வதைத் தடை செய்துவிட்டது. வேறு சில மாநிலங்களும் பின்தொடர்ந்தன. நாடு முழுமைக்குமான சட்டம் 1988-ல் வந்தது. பணியாளர் பாலிகிராஃப் பாதுகாப்புச் சட்டம் என்று அதற்குப் பெயர். ஜூன் 27-ந் தேதி குடியரசுத் தலைவர் ரீகன் கையெழுத்திட்டார். டிசம்பர் 27 முதல் நடைமுறைக்கு வந்தது. ரீகன் தொழிலாளர் பக்கம் சாய்ந்தவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அவர் காலத்திலேயே இது வந்தது என்றால் நிலைமை எவ்வளவு முற்றியிருக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

சட்டத்தின் சாரம் இது. தனியார் முதலாளி, வேலையில் இருப்பவரையோ வேலை கேட்டு வருபவரையோ பொய் கண்டறியும் சோதனைக்கு உட்படச் சொல்லக் கூடாது. கட்டாயப்படுத்துவது மட்டுமல்ல, கேட்பதும் கூடாது. ‘செய்துகொண்டால் உனக்கு நல்லது’ என்று ஜாடையாகச் சொல்வதும் கூடாது. வேறு யாரோ செய்த சோதனையின் முடிவை விசாரித்து அறிவதும் கூடாது. மறுத்தார் என்பதற்காக வேலையை விட்டு நீக்கவோ, பதவி உயர்வை நிறுத்தவோ கூடாது. சிறு கடை, பெருங்கடை என்ற வேறுபாடு இல்லை. இந்த உரிமைகளைச் சொல்லும் அறிவிப்பைத் தொழிலாளர் கண்ணில் படும் இடத்தில் ஒட்டி வைக்க வேண்டும். உரிமையை விட்டுக்கொடுக்கிறேன் என்று முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்வதும் செல்லாது.

விலக்குகள் உண்டு. அரசுத் துறைகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. பணம் ஏற்றிச் செல்லும் கவச வண்டி, காவல் பணி நிறுவனங்கள் ஆள் எடுக்கும்போதும், போதை தரக்கூடிய மருந்துகளைத் தயாரித்து விற்கும் நிறுவனங்களுக்கும் வரையறுத்த விலக்கு உண்டு. நம்மைப் போன்றவர்களுக்கு முக்கியமானது இன்னொரு விலக்கு: திருட்டு, கையாடல் போன்றவற்றால் வியாபாரத்துக்கு நஷ்டம் ஏற்பட்டு விசாரணை நடக்கும்போது, சோதனைக்கு வரும்படி ஒருவரைக் கேட்கலாம். ஆனால் எத்தனை கட்டுப்பாடு பாருங்கள். குறிப்பிட்ட நஷ்டம் ஒன்று நடந்திருக்க வேண்டும். ‘அடிக்கடி சரக்கு குறைகிறது’ என்பது போதாது. அந்தப் பொருள் அல்லது பணத்தின் பக்கம் போக அந்த ஊழியருக்கு வாய்ப்பு இருந்திருக்க வேண்டும். அவர்மேல் நியாயமான சந்தேகம் இருக்க வேண்டும். இவை மூன்றையும் காரணத்தோடு எழுதி, பொறுப்புள்ளவர் கையெழுத்திட்டு, சோதனைக்குக் குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன் அவர் கையில் கொடுக்க வேண்டும். விடுமுறை நாள் அதில் சேராது. அந்தத் தாளின் நகலை மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்.

சோதனை 90 நிமிடத்துக்குக் குறையக் கூடாது. ஒரு சோதனையாளர் ஒரு நாளில் ஐந்துக்கு மேல் செய்யக் கூடாது. கேள்விகளை முன்னதாகவே எழுத்தில் காட்ட வேண்டும். மதம், இனம், அரசியல், தொழிற்சங்கம், படுக்கையறை விவகாரம் ஆகியவற்றைப் பற்றி ஒரு கேள்வியும் கூடாது. வழக்கறிஞரைக் கலந்துகொள்ளலாம். எந்த நிமிடத்திலும் எழுந்து போகலாம். இவ்வளவுக்கும் பிறகு கருவி ‘பொய்’ என்று சொன்னாலும் அதை மட்டும் வைத்து நீக்க முடியாது. வேறு ஆதாரம் வேண்டும். குரலை வைத்துப் பொய்யைக் கண்டுபிடிக்கும் கருவிகளுக்கோ இந்த விலக்கும் கிடையாது. தனியார் முதலாளி அவற்றைத் தொடவே கூடாது.

மீறினால் 10,000 டாலர் வரை அபராதம் என்று தொடக்கத்தில் இருந்தது. விலைவாசிக்கு ஏற்ப உயர்த்தி வந்ததில் இன்று 25,000 டாலரைத் தாண்டிவிட்டது. பாதிக்கப்பட்டவர் மூன்று ஆண்டுக்குள் தாமே வழக்கும் போடலாம். வேலையையும் போன சம்பளத்தையும் திரும்பப் பெறலாம். நம் பிள்ளைகள் பலர் அங்கே கடையும் பெட்ரோல் நிலையமும் நடத்துகிறார்கள். அவர்களுக்கு இதைக் கத்தரித்து அனுப்பலாம்.

நம் நாட்டில்

முதலாளி தொழிலாளிக்கு இடையிலான இந்தச் சோதனைக்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் இல்லை. இல்லையென்றால் செய்யலாம் என்று அந்தத் துப்பறியும் நிறுவனத்தார் பொருள் சொல்கிறார்கள். அவசரப்பட வேண்டாம்.

2010 மே 5-ந் தேதி, செல்வி எதிர் கர்நாடக அரசு என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. தலைமை நீதிபதி கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையிலான மூன்று நீதிபதிகள் அமர்வு. பாலிகிராஃப், மயக்க மருந்து கொடுத்து விசாரிக்கும் நார்கோ சோதனை, மூளை அலைகளைப் பதியும் சோதனை ஆகிய மூன்றையும் ஒருவர் விருப்பமின்றிச் செய்யக் கூடாது என்றது. தனக்கு எதிராகத் தானே சாட்சியாகும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்னும் அரசியல் சட்டத்தின் 20(3) பிரிவையும், தனிமனித உரிமை பற்றிய 21-வது பிரிவையும் நீதிபதிகள் எடுத்துக்காட்டினார்கள். அவரே விரும்பிச் சோதனை செய்துகொண்டாலும் அதன் முடிவு தன்னளவில் சாட்சியம் ஆகாது; அதனால் பின்னர் பொருள் ஏதும் கண்டெடுக்கப்பட்டால் அதை மட்டுமே சட்டப்படி ஏற்கலாம் என்றார்கள். தேசிய மனித உரிமை ஆணையம் 2000-ல் வகுத்த நெறிகளைப் பின்பற்ற வேண்டும் என்றும் சொன்னார்கள். அந்த நெறிப்படி சம்மதத்தை நீதித்துறை நடுவர் முன்பு பதிய வேண்டும். வழக்கறிஞர் உதவி கிடைக்க வேண்டும்.

இவையெல்லாம் போலீசாருக்குச் சொன்னவை. போலீசாருக்கே இவ்வளவு கட்டுப்பாடு என்றால், கடையின் பின்கட்டில் உட்கார வைத்து, கைநாட்டு வாங்கி, ‘சம்மதத்தோடுதான் செய்தோம்’ என்று நாம் சொன்னால் எந்த நீதிமன்றம் கேட்கும்? மாதச் சம்பளத்தை எதிர்பார்த்து நிற்பவன் முதலாளி முகத்தைப் பார்த்துக் கொடுக்கும் சம்மதம் சம்மதம்தானா என்பதை நாமே நம்மைக் கேட்டுக்கொள்ளலாம். ஒருவனை வெளியே போக விடாமல் உட்கார வைத்தால் அது முறையற்ற அடைப்பு. பாரதிய நியாய சன்ஹிதா 127-வது பிரிவு. நாலு பேர் அறியத் திருடன் என்று சொல்லி, அது பொய்யானால் அவதூறு, 356-வது பிரிவு.

இன்னொரு சட்டத்தை நம்மில் பலர் மறந்துவிடுகிறோம். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947. அதன் 41-வது பிரிவுப்படி, தொடர்ந்து ஆறு மாதம் வேலை செய்தவரைத் தக்க காரணமின்றி நீக்கக் கூடாது. நீக்குவதானால் ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கான சம்பளமோ கொடுக்க வேண்டும். ஒழுங்கீனம் என்று சொல்லி அறிவிப்பில்லாமல் நீக்குவதானால் அதற்கென்று விசாரணை நடத்தி, திருப்திகரமான சாட்சியத்தைப் பதிவு செய்திருக்க வேண்டும். நீக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்யலாம். அங்கே போய், கருவி சொன்னது ஐயா என்று சொன்னால் அது நிற்காது. சூடம் சொன்னது என்பதும் நிற்காது. குறைந்த தொகையைச் சம்பளத்தில் பிடிப்பதானாலும் அவன் பொறுப்பில் விட்ட பொருளா, அவன் கவனக்குறைவா என்று கேட்டு, அவன் பதிலையும் வாங்கிக்கொண்டுதான் பிடிக்க வேண்டும்.

உண்மையிலேயே திருடியவன் என்றால் வழி இல்லாமல் இல்லை. பணியாளர் முதலாளி பொருளைத் திருடுவது 306-வது பிரிவு. நம்பி ஒப்படைத்ததைக் கையாடுவது 316-வது பிரிவின் நாலாவது உட்பிரிவு. இரண்டும் கடுமையான குற்றங்கள். ஆதாரத்தோடு காவல் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள். ஆதாரம் என்பது இருப்புக் கணக்கு, பில், கேமராப் பதிவு, சாட்சி.

பிரச்சினை என்னவென்றால் ஆதாரமாகக் காட்டக்கூடிய கணக்கு பல கடைகளில் இருப்பதில்லை. இருப்பு இடிக்கிறது என்கிறோம். எந்தத் தேதியில் எவ்வளவு இருந்தது என்றால் பதில் இல்லை. வெல்லமும் புளியும் கிடக்கக் கிடக்க நீர் வற்றி எடை குறையும். மூட்டை பிரித்துச் சில்லரை நிறுக்கையில் சிந்துவது ஒரு பக்கம். லாரியிலிருந்து இறக்கும்போதே எடை குறைவாக வருவது பெரிய பக்கம். பழகிய வாடிக்கையாளருக்கு முதலாளியே பில் போடாமல் கொடுத்தனுப்பி, சிட்டையில் எழுத மறப்பதும் உண்டு. வீட்டுக்கு எடுத்துப் போகும் சாமானை எத்தனை பேர் எழுதுகிறோம்? இப்போது கைப்பேசியில் வரும் பணம் முதலாளி கணக்குக்குப் போகிறது, மகன் கணக்குக்கும் போகிறது. மாலையில் இரண்டையும் ஒட்டிப் பார்ப்பதில்லை. அப்புறம் பையன்களைப் பார்க்கிறோம்.

நம் உறுப்பினருக்கு நாம் சொன்னது ஒன்றுதான். எல்லாச் சரக்கையும் எண்ண வேண்டாம். விலை உயர்ந்த பத்துச் சாமானை மட்டும் எடுத்து, ஆறு வாரம், வாரம் ஒரு நாள், நாளை முன்கூட்டிச் சொல்லாமல் நீங்களே எண்ணுங்கள் என்றோம். இறக்கும் மூட்டைகளில் பத்துக்கு ஒன்றை நிறுத்துப் பாருங்கள் என்றோம். அவருக்கு அவ்வளவு உற்சாகம் இல்லை. ஒரே நாளில் முடிகிற வேலையை ஆறு வாரம் ஆக்குகிறீர்களே என்றார். இருந்தாலும் செய்தார்.

நான்காவது வாரம் வந்தார். மாலை ஆறு மணிக்கு மேல் வரும் லோடுகளை அவர் நின்று பார்ப்பதில்லை; அவற்றில்தான் துவரம்பருப்பு மூட்டைகள் எடை குறைந்திருந்தன. அனுப்பியவரிடம் பேசி வரவு வாங்கிவிட்டார். குறைவில் பாதிக்கு மேல் அதிலேயே தெரிந்துபோயிற்று. சர்க்கரையில் இரண்டு மூட்டை மட்டும் இன்னும் கணக்கில் வரவில்லை. அந்த வாரம் கிட்டங்கிச் சாவி வைத்திருந்தவரிடம் எழுத்து மூலம் விளக்கம் கேட்டிருக்கிறார். அவரும் எழுதிக் கொடுத்திருக்கிறார். விசாரணை நடக்கிறது. மற்ற ஐந்து பேரும் வழக்கம்போல் வேலை பார்க்கிறார்கள்.

விளக்கம் கேட்கும் கடிதம், விசாரணை அறிவிப்பு, வாக்குமூலம் பதியும் தாள் ஆகியவற்றின் மாதிரிப் படிவங்களைத் தமிழில் தயாரித்துச் சங்க அலுவலகத்தில் வைத்திருக்கிறோம். வேண்டுவோர் ஞாயிறு தவிர மற்ற நாட்களில் மாலை 5 மணிக்கு மேல் வந்து நகல் எடுத்துக்கொள்ளலாம்.